கணக்கு எழுதும் அலுவலகத்துக்கு எந்த வெப்சைட் தளம் சரி?

கேள்வி: திருப்பூரில் கணக்கு எழுதிக் கொடுக்கும் சிறிய அலுவலகம் வைத்திருக்கிறேன். நானும் இரண்டு பெண்களும் வேலை பார்க்கிறோம். கட்டிங், தையல், பிரிண்டிங் யூனிட்காரர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். டேலியில் கணக்கு எழுதி, மாதா மாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறோம். கூகுள் இலவசமாகக் கொடுத்த வெப்சைட் ஒன்று இருந்தது, அந்த முகவரியைத்தான் விசிட்டிங் கார்டில் அச்சடித்திருக்கிறேன். இப்போது திறந்தால் ஒன்றும் வருவதில்லை. அக்கா மகன் வேர்ட்பிரஸ்தான் நல்லது என்கிறான். தோழி விக்ஸ் சுலபம் என்கிறாள். ஒரு நிறுவனம் 35,000 ரூபாய் கேட்கிறது, அதற்கு மேல் வருடத்துக்கு 12,000 பராமரிப்பாம். வாடிக்கையாளர்கள் பில்களை வெப்சைட்டிலேயே ஏற்றுகிற வசதியும் செய்து தருகிறார்களாம். எதை எடுப்பது?
— வாசகி, திருப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் பழைய வெப்சைட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பக்கம் எந்தத் தவறும் இல்லை. கூகுள் பிசினஸ் புரொஃபைலோடு சேர்த்து, ‘பிசினஸ் டாட் சைட்’ என்று முடியும் முகவரியில் கொடுத்திருந்த இலவசப் பக்கங்களை கூகுள் 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. ஜூன் 10 வரை அந்த முகவரிக்கு வந்தவர்களை உங்கள் கூகுள் புரொஃபைலுக்குத் திருப்பி விட்டார்கள். அதோடு அதுவும் நின்றது. உங்கள் அலுவலகம் மேப்பில் இன்னும் இருக்கும், அதை ஒருமுறை திறந்து பாருங்கள். அங்கே ‘வெப்சைட்’ என்ற இடத்தில் பழைய முகவரி இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். புதிதாக ஒருவர் உங்களைத் தேடி அதைத் தட்டி, ஒன்றும் வராமல் போனால், அலுவலகத்தையே மூடிவிட்டதாக நினைத்துக்கொள்வார்.

உங்களுக்கு நேர்ந்ததற்குக் காரணம், பக்கமும் கூகுளுடையது, முகவரியும் கூகுளுடையது. பக்கம் போனால் திரும்பச் செய்துகொள்ளலாம். முகவரி போனதால்தான் கார்டு வீணாயிற்று. அதனால் வேர்ட்பிரஸா விக்ஸா என்பதற்கு முன்னால் உங்கள் பெயரில் ஒரு டொமைன் வாங்குங்கள். முகவரி உங்களுடையதாக இருந்தால், தளத்தை நாளைக்கு எத்தனை முறை மாற்றினாலும் கார்டை மாற்ற வேண்டியதில்லை. நான் எந்தச் சிறு தொழில்காரருக்கும் முதலில் சொல்வது இதைத்தான். உங்களுக்கு இன்னும் அழுத்திச் சொல்கிறேன்.

உள்ளூர் வாடிக்கையாளர்கள் என்பதால் ‘டாட் இன்’ போதும். நிக்சி என்ற இந்திய அமைப்பின் கீழ் நடக்கிற பதிவேடு அது. எந்தப் பதிவு நிறுவனத்தில் வாங்கினாலும் வருடத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே ஆகும். விளம்பரத்தில் 99 ரூபாய் என்றிருக்கும், அது பெரும்பாலும் முதல் வருடத்துக்கு மட்டும். புதுப்பிக்கும்போது என்ன விலை என்பதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வாங்கும்போது உரிமையாளர் பெயர், மின்னஞ்சல், கைபேசி எண் மூன்றும் உங்களுடையதாகவே இருக்க வேண்டும். அக்கா மகனுடையதும் வேண்டாம், அந்த நிறுவனத்துடையதும் வேண்டாம். சொந்த வெப்சைட்டுக்குள் போக முடியாமல் என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் கதை ஒன்றுதான். டொமைனை டிசைனர் தன் மின்னஞ்சலில் பதிவு செய்திருப்பார். அவர் வேலை மாறியிருப்பார், இல்லை வெளிநாடு போயிருப்பார். அந்த மின்னஞ்சல் இல்லாமல் பதிவு நிறுவனத்திடம் எதையும் நிரூபிப்பது பெரும்பாடு.

மூன்று அல்லது ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே கட்டிவிடுங்கள். பத்து வருடம் வரை கட்டலாம். ‘கார்டிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளும்’ என்று நம்பி இருக்க வேண்டாம். 2021 அக்டோபரில் கார்டிலிருந்து தானாகப் பணம் பிடிப்பது பற்றி ரிசர்வ் வங்கியின் விதிகள் வந்த பிறகு, வெளிநாட்டு நிறுவனங்கள் பிடிக்கிற தொகை நம் கார்டுகளில் அடிக்கடி நின்றுபோகிறது. ரிட்டர்ன் தேதிகளை எழுதிவைக்கிற அதே நாட்காட்டியில் டொமைன் கெடுவையும் எழுதிவிடுங்கள்.

பெயர் வைப்பதில் ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் கணக்குப் பார்க்கிற எல்லோரையும் ‘ஆடிட்டர்’ என்றே கூப்பிடுவார்கள். உங்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று நினைக்கிறேன். டொமைனிலோ முகப்பிலோ அந்தச் சொல்லைப் போடாதீர்கள். படிக்கிறவர் உங்களைப் பட்டயக் கணக்காளர் (சிஏ) என்று நினைத்துக்கொள்வார்; சிஏ அல்லாதவர் தன்னைப் பட்டயக் கணக்காளர் என்று சொல்லிக்கொள்வது 1949-ஆம் ஆண்டு பட்டயக் கணக்காளர் சட்டப்படி தண்டனைக்குரியது. அது இருக்கட்டும், ‘ஆடிட்டர்’ என்று படித்துவிட்டு வருகிறவர் வரித் தணிக்கைக்குக் கையெழுத்து கேட்டால் உங்களால் போட முடியாது. கணக்கு எழுதுதல், ஜிஎஸ்டி ரிட்டர்ன், சம்பளப் பட்டியல் என்று செய்வதை அப்படியே சொல்லுங்கள். ஜிஎஸ்டி பிராக்டிஷனராகப் பதிவு செய்திருந்தால் அந்தப் பதிவு எண்ணைப் போடுங்கள், அது உண்மையான தகுதி. பிற்காலத்தில் சிஏ ஒருவர் உங்களோடு சேர்ந்தால், வெப்சைட்டை அவர் பார்த்துச் சரி சொன்ன பிறகு நடத்துங்கள். அவர்களுக்கு விளம்பரம் பற்றித் தனி விதிகள் உண்டு.

இனி தளத்துக்கு வருவோம்.

உங்கள் தொழிலுக்கென்று நான் வைக்கிற சோதனை ஒன்று உண்டு. மாதா மாதம் வரி கட்டிப் போடுகிற ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்னுக்குக் கடைசி நாள் 20. அன்று இரவு எட்டு மணிக்கு, போர்ட்டல் சுற்றிக்கொண்டே இருக்கும்போது, கெடுவை நீட்டித்திருக்கிறார்கள் என்று அறிவிப்பு வருகிறது. உங்கள் வெப்சைட்டில் ‘இந்த மாதக் கெடு’ என்று ஒரு வரி இருக்கிறது. அலுவலகத்தில் இருக்கும் பெண், தன் கைபேசியிலிருந்தே, யாருக்கும் போன் போடாமல், அந்த வரியை மாற்ற முடியுமா? முடியும் என்றால் அந்தத் தளம் உங்களுக்கு ஆகும். ‘மெயில் போடுங்கள், இரண்டு நாளில் மாற்றித் தருகிறோம்’ என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆகாது. பழைய தேதி தொங்கிக்கொண்டிருக்கிற கணக்கு அலுவலக வெப்சைட், இல்லாததைவிட மோசம். தேதியைக் காப்பாற்றுவார்கள் என்று நம்பித்தானே உங்களிடம் வருகிறார்கள்.

வேர்ட்பிரஸ் என்று அக்கா மகன் சொல்வதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, 2003-இல் வெளிவந்த இலவச மென்பொருள். அதை எடுத்து ஏதாவது ஒரு ஹோஸ்டிங்கில், அதாவது வாடகைக்கு எடுக்கும் சர்வர் இடத்தில், நாமே போட்டுக்கொள்வது. உலகத்தில் இருக்கிற வெப்சைட்களில் பத்தில் நான்குக்கு மேல் இதில்தான் ஓடுகின்றன. எதை வேண்டுமானாலும் செய்யலாம், எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் மென்பொருள், தோற்றத்துக்கான தீம், கூடுதல் வசதிக்கான பிளகின் மூன்றையும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். வேர்ட்பிரஸில் கண்டுபிடிக்கப்படுகிற பாதுகாப்பு ஓட்டைகளில் மிகப் பெரும்பாலானவை பிளகின்களில்தான். ஐந்து பக்க வெப்சைட்டுக்கு இருபது பிளகின் போட்டு, யாரும் தொடாமல் விட்டதைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். கல்லூரி முடித்து பெங்களூரு போகப் போகிற பையன் இதை எத்தனை வருடம் பார்த்துக்கொள்வான் என்று நீங்களே யோசியுங்கள்.

இன்னொன்று ‘வேர்ட்பிரஸ் டாட் காம்’. அதே மென்பொருளை ஒரு நிறுவனம் தன் சர்வரில் வைத்து நமக்காக நடத்துகிறது. புதுப்பிப்பு, பேக்கப், பாதுகாப்பு அவர்கள் பொறுப்பு. கைபேசி செயலி இருக்கிறது. இலவசத் திட்டத்தில் விளம்பரம் வரும், சொந்த டொமைனை இணைக்க முடியாது. அதனால் கட்டணத் திட்டத்தில் மிகக் குறைந்ததை எடுக்க வேண்டும். பிற்காலத்தில் போதவில்லை என்றால், எழுதியது எல்லாவற்றையும் ஒரே ஃபைலாக இறக்கி வேறு ஹோஸ்டிங்கில் ஏற்றலாம். தோற்றம் அப்படியே வராது, உள்ளடக்கம் வந்துவிடும்.

உங்கள் தோழி சொல்வது பொய் இல்லை. விக்ஸில் இழுத்துப் போட்டு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அழகான பக்கம் செய்துவிடலாம். ஆனால் அங்கே செய்த வெப்சைட்டை வெளியே எடுத்து வேறு இடத்தில் ஓட்ட முடியாது. அந்த நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் இதைச் சொல்கிறது. உங்களை விட்டு வேறொருவரிடம் போகிற வாடிக்கையாளர் டேலி பேக்கப் கேட்டால் நீங்கள் கொடுக்கிறீர்கள், கொடுக்க வேண்டும். வெப்சைட் தளத்திடமும் நீங்கள் அதையே எதிர்பார்க்கலாம். சந்தா கட்டுவதற்கு முன்னால் ‘நான் போகும்போது என்ன எடுத்துக்கொண்டு போகலாம்?’ என்று கேளுங்கள்.

ஷாப்பிஃபை கடைக்காரர்களுக்கு. ஸ்கொயர்ஸ்பேஸ் கலைஞர்கள், போட்டோகிராபர்களுக்கு அழகாக இருக்கும், உங்களுக்கு அவ்வளவு தேவை இல்லை. கூகுள் சைட்ஸ் இலவசம், சொந்த டொமைனையும் இணைக்கலாம். பணமே போட முடியாத நிலை என்றால் அதில் தொடங்கலாம். ஆனால் ஒரே ஒரு இலவச வசதியை நம்பி ஒருமுறை பட்டுவிட்டீர்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவுக்கும் ஜோஹோ சைட்ஸ் என்று ஒரு தளம் இருக்கிறது. உங்கள் வாடிக்கையாளர்கள் சிலர் டேலியிலிருந்து அவர்களுடைய கணக்கு மென்பொருளான ஜோஹோ புக்ஸுக்கு மாறியிருந்தாலோ, நீங்களே மாறும் யோசனை இருந்தாலோ, அதைப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

என் தேர்வைக் கேட்டால், உங்களுக்கு வேர்ட்பிரஸ் டாட் காம், கட்டணத் திட்டத்தில் மிகக் குறைந்தது, டொமைனை மட்டும் தனியாக வேறு நிறுவனத்தில் வாங்கி இணைத்தது. ‘முதல் வருடம் டொமைன் இலவசம்’ என்று அவர்களே கொடுத்தாலும் தனியாக வாங்குவதைத்தான் சொல்வேன். பக்கத்துக்கு ஒருவர், முகவரிக்கு ஒருவர் என்று இருந்தால், ஒருவரோடு பிரச்சினை வந்தாலும் மற்றது கையில் இருக்கும். வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கட்டுகிற சந்தாவில் ரிவர்ஸ் சார்ஜ், அதாவது வாங்குகிறவரே ஜிஎஸ்டி கட்டுவது, எப்படி வரும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கட்டுவதற்கு முன்னால் தமிழ் எழுத்தைச் சோதித்துப் பாருங்கள். உங்கள் நோட்டீஸை டிடிபி கடையில் அடித்துக் கொடுத்திருப்பார்கள். அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால், அதை நகலெடுத்து வெப்சைட்டில் ஒட்டியதும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறிப்போகும். சிலர் அதற்குப் பயந்து நோட்டீஸையே படமாகப் போட்டுவிடுவார்கள். படத்தில் இருக்கிற எழுத்தைத் தேடி யாரும் உங்களிடம் வந்து சேரமாட்டார்கள். யூனிகோடில் புதிதாகத் தட்டச்சு செய்துவிடுங்கள், கைபேசியில் பேசினாலே தட்டச்சாகிவிடுகிறது. பிறகு ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போனில் திறந்து, வரிகள் ஒன்றோடொன்று முட்டாமல் படிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

இப்போது, உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்த வரிக்கு வருகிறேன். வாடிக்கையாளர்கள் பில்களை வெப்சைட்டிலேயே ஏற்றும் வசதி. தயவுசெய்து வேண்டாம்.

காரணத்தை விவரமாகச் சொல்கிறேன். நாமே ஹோஸ்டிங்கில் போடுகிற வேர்ட்பிரஸில் ஏற்றுகிற ஃபைல்கள் வழக்கமாக ‘அப்லோட்ஸ்’ என்ற ஃபோல்டரில், வருடம், மாதம் என்று பிரிந்து போய் உட்காரும். படங்களை எல்லோருக்கும் காட்டுவதற்காக ஏற்பட்ட ஃபோல்டர் அது. முகவரி தெரிந்தால் பாஸ்வேர்ட் இல்லாமலே யாரும் திறக்கலாம். படிவத்துக்கென்று போடுகிற பிளகின்களில் பலவும், தனியாகக் கவனித்து மாற்றாவிட்டால், ஃபைலைக் கொண்டுபோய் அங்கேயேதான் வைக்கின்றன. உங்களிடம் வருவது என்ன? பேங்க் ஸ்டேட்மென்ட், பான், ஆதார் நகல், யாருக்கு என்ன விலைக்குத் துணி கொடுத்தார் என்கிற பில். திருப்பூரில் பக்கத்து யூனிட்காரருக்குத் தெரியக் கூடாத விலை அது. அந்த ஃபைல் ஒரு நாள் கூகுள் தேடலில் வந்து நின்றால், பராமரிப்புக்குப் பணம் வாங்கியவரிடம் யாரும் போகமாட்டார்கள், உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தகவலை வாங்கி வைத்திருப்பவரைத்தான் பொறுப்பாக்குகிறது.

ஆவணம் வாங்க வெப்சைட்டே தேவை இல்லை. கூகுள் டிரைவ், ஜோஹோ வொர்க்டிரைவ் மாதிரி ஒன்றில் வாடிக்கையாளருக்கு ஒரு ஃபோல்டர் போட்டு, அவருடைய மின்னஞ்சலுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். ‘லிங்க் வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம்’ என்ற அமைப்பை வைக்கக் கூடாது. உங்கள் மூன்று பேருடைய கணக்குக்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பு கட்டாயம். ஜிஎஸ்டி போர்ட்டல் பாஸ்வேர்டை எந்தப் படிவத்திலும் கேட்காதீர்கள். அப்புறம், பணம் வாங்கும் க்யூஆர் கோடை வெப்சைட்டில் போடாதீர்கள். எவனாவது உள்ளே நுழைந்து அந்தப் படத்தை மட்டும் மாற்றிவிட்டால், உங்கள் ஃபீஸ் அவன் கணக்குக்குப் போகும், நீங்கள் மாதக் கடைசியில்தான் கண்டுபிடிப்பீர்கள். பில்லோடு நேராக அனுப்புவதே நல்லது.

தொடர்புப் படிவம் ஒன்று இருக்கலாம், பெயர், கைபேசி எண், என்ன தொழில், இவ்வளவு போதும். ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. 2024 பிப்ரவரியிலிருந்து, அனுப்புகிறவர் யார் என்று சரிபார்க்க முடியாத மின்னஞ்சல்கள் விஷயத்தில் ஜிமெயில் கடுமையாகிவிட்டது. சரியாக அமைக்காத படிவங்களிலிருந்து வருகிற கடிதம் ஸ்பேமில் விழும், இல்லை வரவே வராது. கேட்டவர் பதில் இல்லை என்று போய்விடுவார். பெரிதாக ஒரு போன் பட்டன், ஒரு வாட்ஸாப் பட்டன் வையுங்கள். திருப்பூரில் தையல் யூனிட் நடத்துகிறவர் படிவம் நிரப்பமாட்டார், அழைப்பார்.

எழுத வேண்டியதைப் பொறுத்தவரை உங்களிடம் சரக்கு நிறைய இருக்கிறது என்று நினைக்கிறேன். ‘தரமான சேவை, நம்பகமான குழு’ என்று எல்லோரும் எழுதுகிறார்கள், யாரும் படிப்பதில்லை. ஜாப் வொர்க்குக்கு, அதாவது கூலிக்கு வேலை செய்து வாங்க, அனுப்பும் சரக்கைக் காட்டுகிற ஐடிசி-04 என்ற ஜிஎஸ்டி படிவம் பற்றி நீங்கள் ஒரு பக்கம் எழுதுங்கள். ஜாப் வொர்க்குக்குத் துணி அனுப்புகிறவர் என்ன சலான் போட வேண்டும், அனுப்பிய துணி ஒரு வருடத்துக்குள் திரும்பாவிட்டால் என்ன ஆகும், ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் என்றால் அரையாண்டுக்கு ஒருமுறையும் அதற்குக் கீழே என்றால் ஆண்டுக்கு ஒருமுறையும் ஏன் போட வேண்டியிருக்கிறது என்று, நேரில் சொல்கிற மாதிரியே எழுதுங்கள். பிரிண்டிங்குக்குப் போன பீஸ் குறைந்து வந்தால் கணக்கில் எப்படிக் காட்டுவது என்று உங்களிடம் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! அதே கேள்வியைத்தான் அவர்கள் கூகுளிலும் கேட்கிறார்கள். அந்த ஒரு பக்கம் கொண்டுவருகிற வாடிக்கையாளரை, முகப்பில் ஓடுகிற படங்கள் கொண்டுவராது.

இன்னொரு பக்கம், புதிதாக வருகிறவர் என்ன கொண்டுவர வேண்டும், எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பது. விற்பனைப் பில் இத்தனையாம் தேதிக்குள் வந்தால்தான் 11-ஆம் தேதி விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1 போக முடியும், 14-ஆம் தேதி கொள்முதல் வரி விவரத்தைக் காட்டும் 2பி வந்த பிறகுதான் கொள்முதலை ஒப்பிட முடியும், அதனால்தான் 20-ஆம் தேதிக்கு அவ்வளவு அவசரம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் காலாண்டுத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1-க்கு 13, 3பி-க்கு 22 என்று தனியாகப் போடுங்கள். இதை எழுதி வைத்தால், மாதா மாதம் போனில் சொல்வதும் குறையும். படங்களுக்கு, கோட் போட்ட வெளிநாட்டுக்காரர் கைகுலுக்குகிற படம் வேண்டாம். உங்கள் பெயர்ப் பலகை, மேஜை, நீங்கள் மூவரும். கம்ப்யூட்டர் திரையும் மேஜையில் கிடக்கும் பில்லும் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நிறுவனம் கேட்கிற 35,000 அதிகமா என்றால், ஐந்து பக்கத்துக்கு அதிகம்தான். அதற்காக அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லமாட்டேன். நேரம் இல்லாதவர் பணம் கொடுத்துச் செய்துகொள்வதில் தவறு இல்லை. ஆனால் சில கேள்விகள் கேளுங்கள். டொமைன் யார் பெயரில்? நிர்வாகி பாஸ்வேர்ட் என் கையில் இருக்குமா? 12,000-க்கு வருடத்தில் என்னென்ன செய்வீர்கள், பேக்கப் எங்கே இருக்கும், ஒருமுறை அதிலிருந்து மீட்டுக் காட்டுவீர்களா? வெப்சைட்டுக்கும் பார்ப்பவருக்கும் நடுவே போகும் தகவலைப் பாதுகாக்கிற எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனிப் பணம் என்றால் மறுத்துவிடுங்கள், லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகவே கொடுக்கிறது. கூகுளில் முதல் இடம் உத்தரவாதம் என்று யார் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள், அந்த உத்தரவாதத்தை யாராலும் தர முடியாது. டொமைன் பதிவு செய்த மறுநாளிலிருந்தே இப்படி அழைப்புகள் வரலாம்.

அக்கா மகனுக்கும் வேலை இருக்கிறது. டொமைனைத் தளத்தோடு இணைக்கிற இடத்தில் சில எண்களை மாற்ற வேண்டியிருக்கும், அதை அவன் செய்து கொடுக்கட்டும். பிறகு உங்கள் அலுவலகப் பெண்களில் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு தேதியை மாற்றச் சொல்லிக் கொடுக்கட்டும். அவர் தானாக மாற்றிக் காட்டிய பிறகு புதுக் கார்டு அச்சுக்குக் கொடுங்கள். இதையெல்லாம் மாத முதல் வாரத்தில் தொடங்க வேண்டாம், 3பி போட்டு முடித்த பிறகு ஆரம்பியுங்கள். அடுத்த ரிட்டர்ன் வேலை சூடு பிடிப்பதற்குள் முடிந்துவிடும்.